கறுப்பு வெள்ளைப் படமும் நிறம் நீக்கிய படமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், புதுச்சேரி, கடலூர்ப் பகுதி வாசகர்கள் எடுத்தனுப்பிய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கென ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியிருந்தீர்கள். வண்ணம் இல்லாத படத்தை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கும் காலத்தில் இப்படியொரு பக்கம் வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அதில் வெளியான படங்களில் பெரும்பாலானவை வண்ணத்தில் பார்த்து, வண்ணத்துக்காகவே எடுத்து, பிறகு கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தட்டி நிறத்தை நீக்கியவை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. திருப்பாதிரிப்புலியூரில் பல ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தி, இருட்டறையில் நெகட்டிவ் கழுவிப் பிரின்ட் போட்டுப் பிழைத்தவன் என்ற முறையில், அடுத்த முறை படம் அனுப்பவிருக்கும் இளைஞர்களுக்கும், அவற்றை அச்சிடவிருக்கும் தங்களுக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுபோனால் தாங்கள் வெட்டிக்கொள்ளலாம். ஓரம் வெட்டுவது ஸ்டூடியோக்காரனுக்குப் புதிதல்ல.

பக்கத்தின் நடுவில் பெரிதாக வந்திருந்த புதுச்சேரித் துமாஸ் வீதி வீட்டுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். கடுகு மஞ்சள் பூசிய சுவர், அதன் விளிம்புகளிலும் ஜன்னல் வளைவுகளிலும் வெள்ளைப் பட்டை, மதில்மேல் சரிந்து தொங்கும் காகிதப்பூ, மேலே நீல வானம் என்று நேரில் கண்ணுக்கு நிறைவான காட்சி அது. அச்சில் வந்ததோ வெளிறிய ஒரு சுவர் மட்டுமே. மஞ்சள் எங்கே முடிகிறது, வெள்ளைப் பட்டை எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. இதில் எடுத்தவரின் கைக்குறை ஒன்றும் இல்லை; காரணம் ஒரு கணக்கு. வண்ணப் படத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்கில், ஒவ்வொரு புள்ளியின் சிவப்பிலிருந்தும் ஏறத்தாழ 30 விழுக்காடு, பச்சையிலிருந்து 59 விழுக்காடு, நீலத்திலிருந்து 11 விழுக்காடு எடுத்துக் கூட்டுவார்கள். மனிதக் கண் பச்சையில் மிகுந்த வெளிச்சத்தையும் நீலத்தில் மிகக் குறைந்த வெளிச்சத்தையும் உணர்வதை ஒட்டி வகுக்கப்பட்ட விகிதம் இது. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஒளியாதலால், தூய மஞ்சளுக்கு இந்தக் கணக்கில் நூற்றுக்கு 89 கிடைத்துவிடுகிறது. கடுகு மஞ்சள் அதிலிருந்து சற்று இறங்கும், அவ்வளவுதான். வெள்ளைக்கு முழுதாக 100. அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு சாம்பல்களைக் கண் எப்படிப் பிரித்தறியும்?

இந்தக் கணக்கை மாற்றும் உரிமை எடுப்பவருடையது. கறுப்பு வெள்ளைப் படம் நன்றாக அமைவதில் பாதி வேலை, எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பதை எடுப்பவரே முடிவு செய்வதில்தான் இருக்கிறது. அதே துமாஸ் வீதி வீட்டில் நீலத்தின் பங்கை உயர்த்திச் சிவப்பின் பங்கைக் குறைத்தால், மஞ்சள் சுவர் கனத்த சாம்பலாக இறங்கி, வெள்ளைப் பட்டைகளும் வளைவுகளும் கோடு போட்டதுபோல் எழுந்து நிற்கும். வானம் வெளுத்துப் போகும், போகட்டும். மாறாகச் சிவப்பை உயர்த்தினால் சுவர் மேலும் வெளுக்க, வானம் கருத்து இறங்கி, வீடு முழுவதும் இருண்ட வானத்தின் முன்னே பளிச்சென்று நிமிரும். கட்டடத்தின் வேலைப்பாட்டைக் காட்ட வேண்டுமானால் முதல் வழி, அது நிற்கும் நிலையைக் காட்ட வேண்டுமானால் இரண்டாம் வழி. இளைஞர்கள் பலரும் இரண்டாவதையே நாடுகிறார்கள். புயல் வரப்போவதுபோல் வானத்தைக் கருப்பாக்கினால் படத்துக்குக் கம்பீரம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. பார்த்துப் பார்த்து எனக்கு அது சலித்துவிட்டது. மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணத்தில் செருகி வைத்த பூசணிப்பூவை இந்த முதல் வழியில் எடுத்துப் பாருங்கள். வழக்கமான கணக்கில் கோலமாவோடு கலந்து காணாமல் போகும் அந்த மஞ்சள் பூ, நீலத்தின் பங்கு உயர்ந்ததும் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே இதழும் நரம்பும் தெரியக் கருத்து விரிந்திருக்கும்.

புதுச்சேரிக் காவலர்களின் சிவப்புக் கெப்பியும் இதற்கு நல்ல பாடம். சிவப்பை உயர்த்திய படத்தில் அந்தத் தொப்பி வெள்ளையாகிவிடும். யார் இந்த வெள்ளைத் தொப்பிக்காரர் என்று ஊர்க்காரரே கேட்பார். பச்சையையோ நீலத்தையோ உயர்த்தினால் தொப்பி கருத்து, முகத்துக்கு மேலே உறுதியான ஒரு வடிவமாக அமரும். பொத்தான் தட்டிய படத்தில் அது இரண்டும் இல்லாத ஒரு நடுச்சாம்பலாகித் தலைமுடியோடு ஒட்டிக்கொள்கிறது. தங்கள் நாளிதழின் உள்பக்கங்களிலும் இதைக் காண்கிறேன் என்று சொன்னால் தவறாக எண்ண மாட்டீர்கள் என நம்புகிறேன். கறுப்பு சிவப்புக் கொடிகளோடு போன வெற்றி ஊர்வலம் கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் அச்சாகும்போது, சிவப்பும் கருப்பாகி, கறுப்புக் கொடி பிடித்த கண்டன ஊர்வலமாகக் காட்சியளிக்கிறது.

ஃபிலிம் காலத்தில் இந்த வேலையை லென்ஸின் முன்னே மாட்டும் கண்ணாடி ஃபில்ட்டர்கள் செய்தன. மஞ்சள் ஃபில்ட்டர் நீல வானத்தைச் சற்றே தணித்து மேகத்தை எடுத்துக்காட்டும். ஆரஞ்சு அதைவிடக் கூடுதலாகத் தணிக்கும். சிவப்பு வானத்தைக் கிட்டத்தட்டக் கருப்பாக்கும். பச்சை இலைகளை வெளுக்க வைத்துத் தோப்புக்குள் வெளிச்சம் கொண்டுவரும். எந்த ஃபில்ட்டராயினும் தன் நிறத்தை வெளுப்பித்துத் தனக்கு எதிரான நிறத்தைக் கருக்கும் என்ற ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும். ஃபிலிமுக்கும் தனக்கென ஒரு பார்வை உண்டு. மிகப் பழைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே உணர்ந்ததால், 19-ஆம் நூற்றாண்டுப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருக்கும். பின்னர் வந்த ஆர்த்தோ வகை பச்சையையும் உணர்ந்தது, சிவப்பை உணரவில்லை. சிவப்பு விளக்கின் வெளிச்சத்திலேயே அதைக் கழுவ முடிந்ததற்குக் காரணம் அதுதான். அத்தகைய ஃபிலிமில் எடுத்த பாட்டியின் படத்தில் நெற்றிக் குங்குமம் மைப்பொட்டுப்போல் கருத்திருப்பதை வீட்டில் யாரேனும் கவனித்திருக்கலாம். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் வந்த பிறகுதான் பொட்டு சிவப்புக்குரிய சாம்பலைப் பெற்றது. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ஃபிலிமில் என் தலைமுறையினர் பலரும் இந்தப் பாடங்களைப் படித்தோம்.

இன்றைய கைப்பேசியிலும் கேமராவிலும் ஃபில்ட்டர் வாங்க வேண்டியதில்லை. படம் வண்ணத்திலேயே பதிவாகிறது, நிறங்களின் பங்கைப் படம் எடுத்த பிறகும் மாற்றலாம். ஸ்நாப்சீட் போன்ற இலவசச் செயலியிலேயே கறுப்பு வெள்ளைப் பகுதிக்குள் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஃபில்ட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பட்டை உண்டு. கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை: பதிவை, கேமரா கண்டதை அப்படியே சேமிக்கும் ‘ரா’ வடிவத்திலும், திரைக்காட்சியை மோனோகுரோமிலும் (ஒற்றை நிறத்திலும்) வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது பின்திரையில் சாம்பலாகத் தெரியும். கோப்பில் வண்ணம் முழுவதும் பத்திரமாக இருக்கும். கைப்பேசிகள் வழக்கமாகச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான்; 14 பிட் ‘ரா’ படத்தில் 16,384 படிகள். சாம்பல் ஒன்றையே நம்பி நிற்கும் படத்துக்கு இந்தப் படிகள்தான் கைமுதல். ஜேபெக்கில் வானத்தைக் கட்டாயப்படுத்திக் கருக்கினால், அது திட்டுத் திட்டாகப் பிரிந்து, கூரை விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு ஓடும். தங்கள் பக்கத்தில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி ஒளிவட்டம்போல் தெரிந்தது அந்தக் கோடுதான். அதை எடுத்தவர் விரும்பிச் செய்திருக்க மாட்டார்.

நிறத்துக்கு அடுத்தபடியாக வெளிச்ச அளவு. கேமராவின் அளவுமானி எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாகவே கருதும். ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் சாம்பல் அது. மரக்காணம் உப்பளத்தில் குவித்து வைத்த உப்பைப் படம் பிடித்தால், இவ்வளவு வெளிச்சம் ஆகாதென்று அது அளவைக் குறைத்து, உப்பைச் சாம்பல் குவியலாக்கிக் கொடுக்கும். கெடிலம் ஆற்றில் படுத்திருக்கும் எருமையைச் சட்டம் நிறைய எடுத்தால், வெளிச்சம் போதாதென்று அளவைக் கூட்டி, எருமையையும் அதே சாம்பலாக்கிவிடும். வண்ணப் படத்தில் இந்தப் பிழை பெரிதாக உறுத்தாது. கறுப்பு வெள்ளையில் உப்புக்கும் எருமைக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். ஆகையால் உப்புக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டவும், எருமைக்கு ஒரு ஸ்டாப் அளவில் குறைக்கவும் வேண்டும். கைப்பேசியில் திரையைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்தால் இதே பலன் கிடைக்கும். உப்புக்குக் கூட்டும்போதும் குவியலின் உச்சியில் படிகங்களின் சொரசொரப்புத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது. டிஜிட்டலில் ஒரு முறை வெந்துபோன, அதாவது விவரமெல்லாம் அழிந்துபோன, வெள்ளையை மீட்க முடியாது. இருட்டில் ஒளிந்திருப்பதை ஓரளவு வெளியே கொண்டுவரலாம். நெகட்டிவில் இதற்கு நேர் எதிர். நாங்கள் நிழலுக்கு அளவு வைத்துக்கொண்டு, வெளிச்சப் பகுதியை, ஃபிலிம் கழுவும் ரசாயனமான டெவலப்பரில் வைக்கும் நேரத்தால் கட்டுப்படுத்துவோம்.

கைப்பேசி கேட்காமலே செய்யும் உபகாரம் ஒன்று இருக்கிறது. நிழலையெல்லாம் தூக்கி வெளிச்சத்தையெல்லாம் இறக்கி, காட்சி முழுவதையும் சமநிலைக்குக் கொண்டுவரும் அந்த எச்.டி.ஆர். வசதியை நிறுத்திவைக்க முடிந்தால் நிறுத்திவிடுங்கள். நிழல் நிழலாக இருந்தால்தான் கறுப்பு வெள்ளைப் படம் நிற்கும்.

நிழல் எங்கிருந்து வருகிறது என்பதில் நம் ஊர்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. கிழக்குக் கடற்கரை ஆதலால் காலை வெயில் கடலிலிருந்து எழுந்து, கடற்கரையிலிருந்து மேற்கே செல்லும் வீதிகளில் தடையின்றி நீளமாகப் பாய்கிறது. வெயில் சுவரின்மேல் நேராக விழுந்தால் சுவர் தட்டையாகத் தெரியும். சுவரை உரசிக்கொண்டு போனால்தான் பூச்சின் கீறல், மரக்கதவின் வரி, பெயர்ந்த சுண்ணாம்பின் விளிம்பு எல்லாம் தனித்தனி நிழலோடு எழும். சூரியன் தென்கிழக்கில் எழும் மார்கழி, தை மாதங்களில் தெற்குப் பார்த்து நிற்கும் வடக்குச் சிறகு (வடக்கு வரிசை) வீடுகளுக்கு இந்த உரசும் வெயில் கிடைக்கும். வடகிழக்கில் எழும் வைகாசி, ஆனியில் எதிர்ச் சிறகு வீடுகளுக்கு அந்த வாய்ப்பு வரும். ஒரே வீதியில் ஒரே நேரத்தில் போய் நின்றும் படம் அமையவில்லை என்பவர்கள் மாதத்தையும் பார்க்க வேண்டும். சுவரை உரசும் வெயில் நீண்ட நேரம் நிற்பதும் இல்லை. காபி குடித்துவிட்டு வரலாம் என்று போனால் நிழல் சுருங்கியிருக்கும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கற்றூண்களைக் காலையில் வீதிப் பக்கமிருந்து பார்த்தால், வெயில் பின்னாலிருந்து வருவதால் அவை கருநிழலாகவே விழும். அது வேண்டுமானால் அப்போது போகலாம்; தூணின் செதுக்கல் வேண்டுமானால் மாலையில்தான் போக வேண்டும்.

சூரிய உதயத்தையே கறுப்பு வெள்ளையில் அனுப்பியிருந்த நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உதயத்தில் வண்ணத்தைக் கழித்தால் மிச்சம் ஒரு வெள்ளை வட்டம்தான். அந்த நேரத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வெயில் எவற்றின்மேல் விழுகிறதோ அவற்றைப் பாருங்கள். தேவனாம்பட்டினத்தில் மணலில் பரப்பிய வலையின் கண்களையும், கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் கூடையில் சுருண்டு கிடக்கும் வாளை மீனையும் அந்த நேரத்துச் சாய்ந்த வெயில் எப்படிக் காட்டுகிறதென்று பாருங்கள். வாளைக்கு நிறமென்று ஒன்று கிடையாது. வெயில் படும் பக்கம் தகதகவென வெள்ளை, மடிந்த பக்கம் கருப்பு, இடையே கத்தி முனைபோல் மெல்லிய சாம்பல். செதில் இல்லாத அந்த உடம்பில் விரல் பட்ட இடம் மட்டும் வெள்ளிப் பூச்சு கழன்று மங்கியிருக்கும். படத்தில் அதுவும் விழும். கறுப்பு வெள்ளைக்கென்றே கடல் அனுப்பி வைத்த மீன் என்பேன். அருகிலேயே நீலமும் ஆரஞ்சும் பூசிய ஃபைபர் படகுகளும் நிற்கும். அவற்றின் அழகு பூச்சில் இருப்பதால் அவற்றை வண்ணத்துக்கு விட்டுவிடலாம். கோபுரத்தில் இதற்கு நேர் மாறு. குடமுழுக்குக்கு முன்பு எல்லாச் சுதைச் சிற்பங்களுக்கும் பளீரென்று எண்ணெய் வர்ணம் அடித்துவிடுகிறார்கள். அதன்பிறகு சிற்பியின் கை தெரிய வேண்டுமானால் கறுப்பு வெள்ளைதான் கதி. பூசியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

உச்சி வெயிலில் முகங்களை எடுக்கலாகாது. நம் ஊரில் சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கிறது. கண்குழி இரண்டும் கரும்பள்ளமாகி, மூக்கின் நிழல் மீசைபோல் விழும். அந்த நேரத்துக்கென்றே நம் முன்னோர் திண்ணையும் தாழ்வாரமும் வைத்தார்கள். புதுச்சேரி வைசியாள் வீதியில் தெருப்பக்கத் தாழ்வாரம் வைத்துப் புதுப்பித்த தமிழ் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. தெருவில் அடிக்கும் வெயில் தரையில் பட்டுத் தெறித்துத் தாழ்வாரத்துக்குள் கீழிருந்து மெல்லிதாக வந்து, அங்கே அமர்ந்திருப்பவரின் முகத்தில் விழும். கண்ணில் தெருவே சிறு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எவ்வளவு செலவழித்து விளக்கு வாங்கினாலும் ஸ்டூடியோவில் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவருவது எளிதல்ல.

முகம் என்றதும் கொஞ்சம் கடுமையாகவே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தில் வந்திருந்த மூன்று முகப்படங்களில் இரண்டு முகங்கள் செயலியால் வெளுப்பாக்கப்பட்டிருந்தன. வாடிக்கையாளர் கேட்டதால் ஸ்டூடியோக்காரர்களாகிய நாங்களும் நெகட்டிவில் பென்சில் ஓட்டி முகத்தைத் துடைத்துக் கொடுத்திருக்கிறோம் என்பது ஊரறிந்தது. ஆனால் அது பிழைப்பு. தானே விரும்பிப் படமெடுப்பவருக்கு அந்தக் கட்டாயம் ஏது? கருமையான தோலில் ஒளி பட்டுத் தெறிக்கும் இடங்களில்தான், அதாவது நெற்றி மேட்டில், கன்ன எலும்பில், மூக்கின் தண்டில், முகத்தின் வடிவம் இருக்கிறது. தோலை வெளுப்பாக்கும்போது முதலில் அழிவது அந்த மினுமினுப்புதான். சிவப்பு ஃபில்ட்டர் நம் தோலை வெளுப்பித்துச் சுருக்கங்களைக் கரைத்துவிடும். பச்சை ஃபில்ட்டர் தோலைக் கருக்கி, ஒவ்வொரு வரியையும் எடுத்துக்காட்டும். முதியவர்களுக்கும் மீனவர்களுக்கும் நான் பச்சையையே பரிந்துரைப்பேன். குழந்தைகளுக்கு மஞ்சளோ ஆரஞ்சோ போதும். வாசற்படிக்கு இரண்டடி உள்ளே உட்காரவைத்து, முகத்தைச் சற்றே வாசல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பின்னால் வீட்டின் உள்ளிருட்டே திரையாகிவிடும். அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை அணிந்திருந்தால் கைப்பேசி அந்த வெள்ளைக்குப் பயந்து முகத்தைக் கருக்கும். முகத்தைத் தொட்டு அளவை நிர்ணயித்து, சட்டை வெந்துபோகாத எல்லைவரை கூட்டிக்கொள்ளலாம். முகத்தை அழகாக்கும் வசதி எதுவாக இருந்தாலும் எடுப்பதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும்.

உள்வெளிச்சத்தில் முகம் எடுப்பதற்கு ஓர் உயர்ந்த சான்று புதுச்சேரியிலேயே நிகழ்ந்தது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் பிடித்துவிட்டு, அதே மாதத்தில் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரையும் அன்னையையும் எடுத்தார். பல ஆண்டுகளாகப் படமெடுக்க இசையாதிருந்த அரவிந்தர், அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று மறைந்தார். ஃபிளாஷ் விளக்கை வெறுத்தவர் பிரெசோன். கிடைத்த வெளிச்சத்தை வைத்தே எடுப்பவர். அரவிந்தரின் வெண்தாடியும் வெண்முடியும் அந்தப் படங்களில் எத்தனை சாம்பல்களாகப் பிரிகின்றன என்று எண்ணிப் பார்ப்பதே மாணவர்களுக்கு ஒரு நாள் பாடம். அதுபோலவே, 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பதிவுசெய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பான்மை கறுப்பு வெள்ளை. கல்லின் ஆழம் தெரிய வெளிச்சத்தைப் பக்கவாட்டில் நிறுத்துவது எப்படி என்பதை அவற்றிலிருந்து கற்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டலாக்கும் பணியையும் அந்நிறுவனத்தினர் செய்திருக்கிறார்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெருமை.

எடுத்த படத்தை அப்படியே அனுப்பினால்தான் நேர்மை என்று ஒரு கருத்து நிலவுகிறது. இருட்டறையில் நின்றவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் வெளிச்சம் தாளில் விழும் சில நொடிகளுக்குள், கம்பி முனையில் ஒட்டிய காசளவு அட்டையை முகத்தின் நிழலுக்கு மேலே ஆட்டிக்கொண்டிருப்போம். அவ்விடம் வெளிச்சம் குறைந்து, பிரின்டில் முகம் தெளியும். பிறகு இரண்டு கைகளையும் கூட்டி, விரலிடுக்கு வழியே வானத்துக்கு மட்டும் இன்னும் சில நொடிகள் கொடுப்போம். வெளிறிய வானம் அடங்கும். கையை ஓரிடத்தில் நிறுத்தினால் அதன் விளிம்பு தாளில் பதிந்துவிடும் என்பதால் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒரு துண்டுத் தாளில் நொடிக் கணக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முழுத் தாளை வைப்போம். இதே வேலையை இன்று விரலால் திரையில் செய்யலாம். செய்தது தெரியாதவாறு செய்ய வேண்டும், இல்லாத மேகத்தைக் கொண்டுவந்து ஒட்டலாகாது என்பவை அன்றும் இன்றும் எல்லைகள்.

கடைசியாக அச்சு பற்றித் தங்களுக்கு. செய்தித்தாளில் சாம்பல் என்பதே கிடையாது. கறுப்பு மையின் சிறு புள்ளிகளும் பெரும் புள்ளிகளும்தான் தூரத்தில் சாம்பலாகத் தோன்றுகின்றன. பளபளப்பான தாளில் அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகளும் அதற்கு மேலும் போடலாம். செய்தித்தாளில் வழக்கமாக 85 முதல் 100 வரைதான் தாங்கும். தாள் மையை உறிஞ்சுவதால் ஒவ்வொரு புள்ளியும் பரவி, நடுச்சாம்பல் எல்லாம் திரையில் பார்த்ததைவிடக் கருத்துவிடுகிறது. தாளின் வெள்ளையும் வெள்ளையில்லை. திரையில் ஆழமாகத் தெரிந்த நிழல் மறுநாள் காலையில் மைத்திட்டாக வருவதற்கு இதுதான் காரணம். கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்குச் செல்லும் படங்களின் நடுச்சாம்பலைச் சற்றுத் தூக்கிவிட்டு, ஓரிடத்தில் மட்டும் முழுக் கருப்பை விட்டால் போதும். சேலை, கொடி, பூ முதலியவை செய்தியின் பகுதியாக வரும் வண்ணப் படங்களுக்கு வழக்கமான கணக்கைப் போடாமல், எந்த நிறம் தெரிய வேண்டுமோ அதற்கேற்பப் பங்கை மாற்றித் தரும்படி வடிவமைப்பாளரிடம் சொன்னால், கூடுதலாக ஒரு நிமிடம்தான் ஆகும்.

அடுத்த முறை வாசகர்களிடம் படம் கேட்கும்போது, சாம்பலாக்கிய படத்தோடு அதன் மூல வண்ணப் படத்தையும், எடுத்த இடம், மாதம், நேரம் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பும்படி அறிவிக்க வேண்டுகிறேன். தேர்ந்தெடுத்த படங்களுள் ஒன்றையாவது வழக்கமான கணக்கில் ஒரு முறையும், எடுத்தவர் விரும்பிய கணக்கில் ஒரு முறையும் அருகருகே அச்சிட்டால், நான் இவ்வளவு நீட்டி எழுதியதை வாசகர்கள் ஒரே பார்வையில் அறிந்துகொள்வார்கள். துமாஸ் வீதிப் படத்தை எடுத்தவர் இசைந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோ புகைப்படக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.